சேதமானால் நிர்வாகம் பொறுப்பல்ல!

இந்த ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடிச்ச மகராசன் யாருன்னு தெரிஞ்சா கையெடுத்துக் கும்பிடணும். வண்டி நிறுத்துற இடத்துல, லாட்ஜ் வரவேற்புல, செருப்பு விடுற இடத்துல, எங்கே பார்த்தாலும் இதுதான். காசு வாங்குறதுக்கு மட்டும் நிர்வாகம் முழுப் பொறுப்பு. பொருள் போச்சுன்னா அந்த நிர்வாகம் யாருன்னே தெரியாது. இதுல எனக்கு ரொம்பக் கடுப்பைக் கிளப்புறது லாண்டரி பில்லுக்குப் பின்னால எறும்பு சைஸ் எழுத்துல இருக்குற வரிகள்தான். சாயம் போனால், சுருங்கினால், கிழிந்தால், தொலைந்தால் பொறுப்பல்ல. அப்போ எதுக்குய்யா கடை?

சொந்தக் கதையை சுருக்கமா சொல்லிடறேன். நமக்கு ஊர் கொடைக்கானல். 7,000 அடி உயரம். ஐப்பசி, கார்த்திகையில மழையும் மஞ்சும் சேர்ந்து இறங்கிட்டா கொடியில போட்ட துணி நாலு நாளானாலும் நசநசன்னுதான் இருக்கும். அதனால கனமான துணின்னா காயவைக்கிற மெஷின் இருக்குற லாண்டரிக்குத்தான் போகணும். என் சித்தி ஒரு குளிர்காலம் பூரா உட்கார்ந்து பின்னிக் கொடுத்த மெரூன் ஸ்வெட்டரை அப்படித்தான் கொடுத்தேன். திரும்பி வந்தது ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பையனுக்குக் கச்சிதமா இருக்கும். தொட்டுப் பார்த்தா தொப்பி தைக்கிற கம்பளம் மாதிரி கெட்டி. கேட்டதுக்குப் பில்லைத் திருப்பிக் காட்டினாங்க. அதைவிடக் காமெடி, துவைச்ச கூலியை முழுசாக் கேட்டாங்க :-)

உடனே "கம்பளின்னா சுருங்கத்தான் செய்யும்"னு ஒரு கோஷ்டி வரும். சுருங்காதுங்க, சுருக்கினாத்தான் சுருங்கும். ஆட்டு ரோமத்தோட மேல்தோல்ல மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். சுடுதண்ணி, கார சோப்பு, மெஷின்ல போட்டு உருட்டுற உருட்டல், இந்த மூணும் சேர்ந்தா செதில்கள் ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டு இறுகிடும். அப்புறம் என்ன இழுத்தாலும் பழைய நிலைக்கு வராது. பச்சைத் தண்ணியில கையால அலசி, பிழியாம, தட்டையா விரிச்சுப் போட்டுக் காயவெச்சா ஒண்ணும் ஆகாது. இது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. எங்க மலையிலேயே மன்னவனூர்ல மத்திய அரசோட செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி மையம் இருக்கு. கம்பளிக்குன்னு ஆடு வளர்க்கிற மலையில கம்பளி துவைக்கத் தெரியலைன்னா எப்படி? அதுவும் பில்லோட முன்பக்கத்துல "உல்லன் 1"னு அவங்க கையாலேயே எழுதியிருக்காங்க. தெரியாம நடந்ததுன்னும் சொல்ல முடியாது.

சரி, சட்டத்துக்கு வருவோம். பி.காம். படிக்கிற மக்கா எல்லாரும் பிசினஸ் லா பேப்பர்ல பெய்ல்மென்ட் படிச்சிருப்பீங்க, இல்லை பிட் அடிச்சிருப்பீங்க. 1872-ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம், 151-ஆம் பிரிவு. அடுத்தவன் பொருளைக் கையில வாங்கினவன், சாதாரண விவேகமுள்ள ஒருத்தன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்குவானோ அப்படிப் பார்த்துக்கணும். லாண்டரிக்காரர் தன் ஸ்வெட்டரைச் சுடுதண்ணியில போட்டு உருட்டுவாரா?

பில்லுக்குப் பின்னால அச்சடிச்சுட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிறவங்களுக்கு நம்ம சென்னை உயர்நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கு. லில்லி ஒயிட் எதிர் முனுசாமி. ஏ.ஐ.ஆர். 1966-ல வந்த தீர்ப்பு. சலவைக்குக் கொடுத்த புதுப் புடவை தொலைஞ்சு போச்சு. விலையில ஒரு பகுதிதான் தருவோம்னு ரசீதுல அச்சடிச்சிருக்குன்னாங்க. கோர்ட் அந்த நிபந்தனை பொது நலனுக்கு விரோதம், செல்லாதுன்னு சொல்லிடுச்சு. காரணம்தான் அருமை. இதை அனுமதிச்சா, புதுப் புடவை "தொலைஞ்சு போறது" கடைக்காரருக்கு லாபமான வியாபாரம் ஆயிடும்! ஒரு பகுதி விலையில புடவை கிடைச்சா யாருக்குத்தான் கசக்கும்? பின்னாடி பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கும் இதே மாதிரி ஒரு லாண்டரி ரசீது போச்சு, அங்கேயும் அந்த வரி நிக்கலை. இவ்வளவு வருஷம் கழிச்சும் அதே வரியைக் கூச்சமே இல்லாம அச்சடிக்கிறாங்கன்னா, படிச்சவங்களும் அதைப் பார்த்துட்டுப் பேசாம வீட்டுக்குப் போறதுதான் காரணம்.

இடையில ஒண்ணு. அந்தக் காலத்துல சலவைத் தொழிலாளி சேங்கொட்டை மையால போட்ட ஒரு புள்ளியை வெச்சே எந்த வீட்டுத் துணின்னு சொல்லிடுவார். ரசீதும் கிடையாது, நிபந்தனையும் கிடையாது. ஒரு வேட்டி குறைஞ்சா ஊரே சேர்ந்து அவரைத் திட்டும். கூலி என்னவோ கொஞ்சம் நெல்லுதான். எளியவன்னா முழுப் பொறுப்பு, கண்ணாடிக் கதவு போட்ட கடைன்னா பொறுப்பே இல்லை. நல்ல நியாயம்!

"ஒரு ஸ்வெட்டருக்கு இவ்வளவு அலப்பறையா? அமெரிக்காவுல பேன்ட்டுக்குக் கேஸ் போட்ட நீதிபதி மாதிரி"ன்னு ஃப்ரெண்ட் ஒருத்தன் கிண்டல் பண்ணினான். தெரியும்டா. வாஷிங்டன்ல ராய் பியர்சன், 2005-ல ஒரு பேன்ட் காணாம போனதுக்கு 6.7 கோடி டாலர் கேட்டார், அப்புறம் 5.4 கோடின்னு இறங்கினார், 2007-ல தோத்தார். தோத்தது நல்லதுதான். நான் கோடியா கேக்குறேன்? கம்பளி நூல் விலை, பின்னுற கூலி, அவ்வளவுதான். சித்தியோட ஒரு குளிர்காலத்துக்கு எந்தக் கோர்ட்டும் விலை போட முடியாது, அதை விட்டுடலாம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-படி, 5 லட்சம் வரைக்கும் பணம் கொடுத்து வாங்குன சேவைக்கு மாவட்ட ஆணையத்துல புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள்ள கொடுக்கணும். எங்களுக்குத் திண்டுக்கல். மலை இறங்கி வத்தலக்குண்டு வழியாப் போய்ட்டு வர ஒரு நாள் போயிடும்கிறதாலதான் பாதிப்பேர் போறதில்லை. ஆனா ஆன்லைன்லயும் கொடுக்கலாம், முதல்ல 1915-க்கு போன் பண்ணியும் பார்க்கலாம்.

கடைசியா, "பாவம் சின்னக் கடை, நஷ்டத்தைத் தாங்குமா?" இதுக்கு காமர்ஸ்காரன் கணக்கு ஒண்ணு. ஒரு கடைக்கு நாளைக்கு 100 துணின்னு வெச்சுக்குவோம். மாசம் 3,000. அதுல ஒண்ணு பாழாகி, அதோட விலை 3,000 ரூபாய்னா, துணிக்கு 1 ரூபாய் கூடுதலா வாங்கினாப் போதும், கணக்கு நேராயிடும். அந்த 1 ரூபாயை என்கிட்ட தாராளமா வாங்கிக்கட்டும். பில்லுக்குப் பின்னால அந்த வரி இருக்குற இடத்துல, சேதமானா எத்தனை நாள்ல எவ்வளவு தருவாங்கன்னு அச்சடிக்கட்டும். முடிஞ்சா கொஞ்சம் பெரிய எழுத்துல.