சுவருக்கு ஒரு படம், கைக்கு ஒரு படம்

பழைய படங்களின் டிவிடி வாங்கிப் பார்க்கும் என் வயதுக்காரர்கள் அடிக்கடி ஒரு குறை சொல்வார்கள். "தியேட்டர் வாசலில் பார்த்த போஸ்டர் எங்கே, இந்த அட்டை எங்கே? நாலு முகத்தை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் போஸ்டரையே போட்டால் என்ன கேடு?" குறை நியாயமானதுதான். ஆனால் பாதி வித்தியாசத்துக்குத் தக்க காரணம் உண்டு என்பது என் கட்சி. மீதிப் பாதியைத்தான் நாம் தட்டிக் கேட்க வேண்டும்.

முதலில் அளவைப் பாருங்கள். நம் ஊர் ஒற்றைத் தாள் போஸ்டர் 30 அங்குலம் அகலம், 40 அங்குலம் உயரம். டிவிடி பெட்டியின் முகப்பு ஏறக்குறைய பதின்மூன்றரை சென்டிமீட்டர் அகலம், 19 சென்டிமீட்டர் உயரம். கணக்குப் போட்டால் போஸ்டரில் முப்பதில் ஒரு பங்குதான் வருகிறது. பல தாள்களை ஒட்டிச் சேர்க்கும் பெரிய போஸ்டர் என்றால் கேட்கவே வேண்டாம். அதற்கு முந்தைய வீடியோ கேசட்டின் பெட்டி இன்னும் ஒடுங்கலானது. விசிடி பெட்டியோ கிட்டத்தட்ட சதுரம். பஸ்ஸில் போகிறவன் பார்த்து, அடுத்த நிறுத்தம் வருவதற்குள் படத்துக்குப் போகத் தீர்மானிக்க வேண்டும் என்று வரைந்த ஓவியத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினால், பின்னணியில் நிற்கும் கூட்டம் எறும்பு வரிசையாகிவிடும்.

இரண்டாவது, காலம். போஸ்டர் படம் வெளிவருவதற்கு முன்பே தயாராக வேண்டும். கதை இன்னதென்று ஊருக்குத் தெரியாது. ஆகவே அது ஆவலைத் தூண்ட வேண்டும், ஆனால் எதையும் உடைத்துச் சொல்லிவிடக் கூடாது. 1982-இல் வந்த 'தி திங்' என்ற ஆங்கிலப் படத்தின் புகழ்பெற்ற போஸ்டரை ட்ரூ ஸ்ட்ரூசன் படத்தைப் பார்க்காமலேயே ஒரே இரவில் வரைந்தார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒளி. அதைப் பார்த்தவனுக்கு உள்ளே என்ன என்று தெரிந்தே ஆக வேண்டும். கேசட் அட்டை போடுகிறவர் நிலைமை வேறு. படம் ஓடியதா, படுத்ததா, எந்தக் காட்சியை ஜனங்கள் பேசினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வாங்குகிறவரும் பெரும்பாலும் ஏற்கெனவே பார்த்தவர் அல்லது கேள்விப்பட்டவர். அவருக்கு வேண்டியது ஆவல் அல்ல, அடையாளம்.

மூன்றாவது, நட்சத்திரத்தின் விலை மாறிவிடுகிறது. 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' வந்தபோது ரஜினிகாந்த் புதுமுகம், சிறிய வேடம். இருபது, முப்பது வருஷம் கழித்து அந்தப் படத்தைக் கடையில் விற்கிறவர் அந்த முகத்தைச் சிறிதாகப் போடுவாரா என்று நீங்களே சொல்லுங்கள். வியாபாரிக்கு இன்றைய சந்தைதான் கணக்கு.

நான்காவது காரணம் நமக்கே உரியது. வீடியோ உரிமை வாங்கியவர் கைக்குப் படச்சுருள் வரும், சில ஸ்டில்கள் வரும். போஸ்டரின் மூல ஓவியம் வருமா? அது விளம்பர டிசைனரிடமிருந்து சிவகாசி அச்சகத்துக்குப் போய், அச்சாகி, ஊர் ஊராகச் சுவரில் ஒட்டப்பட்டு, மழையில் கரைந்து, அடுத்த படத்தின் போஸ்டருக்கு அடியில் மறைந்துபோனது. 'இன்று முதல்' என்று ஒன்று, ஐம்பதாவது நாளுக்கு ஒன்று, நூறாவது நாளுக்கு ஒன்று என்று ஒரே படத்துக்கே பல போஸ்டர்கள் வேறு. அவற்றில் எது அசல்? ஓடி முடிந்த படத்தின் போஸ்டரைப் பாதுகாக்க வேண்டும் என்று அன்று யாருக்குத் தோன்றியது?

இந்த நான்கையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுருக்கினால் கெட்டுவிடும் என்ற வாதம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 1975-இல் வந்த 'ஜாஸ்' படத்தை நினைத்துப் பாருங்கள். மேலே நீந்தும் பெண், கீழிருந்து வாய் பிளந்து வரும் சுறா. ரோஜர் காஸ்டல் அதை முதலில் வரைந்தது நாவலின் பேப்பர்பேக் அட்டைக்கு. அதுவே போஸ்டரானது, பிறகு கேசட், டிவிடி அட்டையும் ஆனது. தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும் பயம் குறையாது. ஒரே எண்ணத்தை ஒரே படத்தில் சொன்னால் அது எந்த அளவிலும் நிற்கும்.

நான் தட்டிக் கேட்பது அட்டை மாறியதை அல்ல, வரைந்தவரின் பெயர் அழிந்ததை. எழுபது, எண்பதுகளில் எத்தனையோ தமிழ்ப் படங்களின் டைட்டிலில் 'டிசைன்ஸ்' என்று போட்டு ஈஸ்வர் பெயரைப் பார்த்திருப்போம். நம்மைத் தியேட்டருக்கு இழுத்ததில் இசையமைப்பாளருக்கு இருந்த பங்கு அவரைப் போன்றவர்களுக்கும் உண்டு. பாட்டு இன்றும் ரேடியோவில் ஒலிக்கிறது. போஸ்டர் எங்கே?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் ஆரோ வீடியோ என்ற நிறுவனம் பழைய படங்களை வெளியிடும்போது, பெட்டிக்குள் இருக்கும் தாளின் ஒரு பக்கம் புதிதாக வரைந்த படமும் மறுபக்கம் பழைய போஸ்டரும் அச்சிடும் வழக்கம் உண்டு. வேண்டியவர் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஒரே தாள்தான், செலவு ஒன்றும் மலையல்ல.

இப்போது பெட்டியும் போய்விட்டது. பேரன் பேத்திகள் போனில் பார்க்கிறார்கள். நெட்பிளிக்ஸில் ஒரே படத்துக்குப் பல முகப்புப் படங்கள் வைத்துக்கொண்டு, அவரவர் ரசனையைக் கணித்து ஆளுக்கொன்றாகக் காட்டுகிறார்கள். நாளைக்கு "அந்தப் படத்தின் போஸ்டர் நினைவிருக்கிறதா?" என்று இருவர் பேசிக்கொள்ளக்கூட முடியாது. ஊரே ஒரே சுவரைப் பார்த்த காலம் முடிந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். அவற்றின் அட்டையில் போஸ்டரின் சாயல் இருக்கும். ஒரு மூலையில் வரைந்தவர் கையெழுத்தும் இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் எடை போடாதீர்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இப்படிப்பட்ட பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். கொடுக்க மனம் வராவிட்டால் போனில் ஒரு படமாவது எடுத்து, படத்தின் பெயர், வருஷம், வரைந்தவர் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள்.