பாட்டி பின்னணி அல்ல



இந்த முகூர்த்த சீசனில் வாட்ஸ்அப்பில் வந்த குடும்பப் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கோபம்தான் மிச்சம். முன் வரிசையில் மணமக்கள் பளிச்சென்று இருக்கிறார்கள். பின் வரிசையில் பாட்டியும் பெரியப்பாவும் மார்கழிப் பனிக்குள் நிற்கிறார்கள். கேட்டால், "அதுதான் டீச்சர் பேக்ரவுண்ட் ப்ளர், இப்ப எல்லாரும் அதான் கேக்குறாங்க" என்கிறீர்கள். பந்தல்காலும் பிளாஸ்டிக் நாற்காலியும் மங்கட்டும். பாட்டி எப்போதப்பா பேக்ரவுண்ட் ஆனாள்?

கணக்குப் போடுவோம். ஃபுல் ஃப்ரேம் கேமரா, 50 எம்.எம். லென்ஸ், 4 மீட்டர் தூரம். எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 70 செ.மீ. மட்டும். மூன்று வரிசை ஆட்கள் நிற்க ஒன்றரை மீட்டராவது வேண்டாமா? எஃப் 8 வையுங்கள், சுமார் மூன்றரை மீட்டர் கிடைக்கும். இது வெறும் வகுத்தல்தான்: 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் துவாரம் 28 மி.மீ., 8-ஆல் வகுத்தால் 6 மி.மீ. சொச்சம். துவாரம் சிறுத்தால் ஆழம் கூடும். (அதற்காக எஃப் 22 வரை போகாதீர்கள், படம் முழுக்க சொரசொரப்பில்லாமல் மழுங்கிவிடும்.)

வெளிச்சம் இருபதில் ஒரு பங்காகும், உண்மைதான். ஐ.எஸ்.ஓ.வும் ஃப்ளாஷும் எதற்கு இருக்கின்றன? புள்ளி விழுந்த முகம் அதே முகம்தான். மங்கிப்போன முகத்தை ஏ.ஐ. மீட்டுத் தருகிறதென்றால், அது ஊகித்து வரைந்த வேறு முகம்.

தனி ஆளை எடுக்கும்போதும் இதே மோகம். 85 எம்.எம்., எஃப் 1.4, ஒன்றரை மீட்டர் தூரம்: ஆழம் 3 செ.மீ. கூட இல்லை. கண் தெரியும், காதும் தோடும் கரைந்துபோகும். அதைவிட மலிவான 1.8 லென்ஸை வாங்கி, 2 மீட்டர் தள்ளி நின்று எஃப் 4-இல் எடுங்கள், 13 செ.மீ. கிடைக்கும். பெரும்பாலான லென்ஸ்கள் முழுதாகத் திறந்தபோது இருப்பதைவிட இரண்டு படி மூடினால்தான் கூர்மை. மங்கல் மோகம் புதிதும் அல்ல. அதை எதிர்த்துத்தான் 1932-இல் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் தங்கள் குழுவுக்கே 'எஃப் 64' என்று பெயர் வைத்தார்கள்.

நம் வீடுகளில் வயதானவர்கள் தனியாகப் படம் எடுத்துக்கொள்வது அபூர்வம். ஒருநாள் மாலை போட்டு மாட்ட, இந்த குரூப் போட்டோவிலிருந்துதான் அந்த முகத்தை வெட்டி எடுக்கப் போகிறீர்கள்.

ஸ்டுடியோ வைத்திருக்கும் என் பிள்ளைகளே, அடுத்த கல்யாணத்தில் எஃப் 8, ஷட்டர் 125-இல் ஒன்று, நடு வரிசையில் ஃபோகஸ். எடுத்து முடித்ததும் கடைசி வரிசையைப் பெரிதாக்கிப் பாருங்கள், அவர்கள் கலைந்து பந்திக்குப் போவதற்கு முன்னால்.