நரைத்துவிட்டால் வலி மரத்துவிடுமா?

செல்வச் சீமை என்று சிறப்பித்துப் பேசப்படும் நாடு அமெரிக்கா. அங்கே ஆஸ்பத்திரியின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு இருவர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வயது 40, மற்றவருக்கு 80. இருவருக்கும் எலும்பு முறிவு. இருவருக்கும் உயிரைப் பிழியும் வேதனை. வலி தீர்க்கும் மருந்து இருவருக்கும் உண்டா?

உண்டு என்றுதான் நீதி சொல்லும். கணக்கு வேறு சொல்கிறது, தோழர்களே!

2003 முதல் 2009 வரை அந்நாட்டு அவசரப் பிரிவுகளில் எடுத்த தேசியக் கணக்கை ஆராய்ந்து, மருத்துவ அறிஞர்கள் 2012இல் முடிவை வெளியிட்டனர். 35 முதல் 54 வயதுக்காரர்கள் வலியோடு வந்தபோது, நூற்றுக்கு 68 தடவை மருந்து கிடைத்தது. 75 வயதும் அதற்கு மேலும் ஆன முதியவர்கள் வந்தபோதோ 49 தடவைதான்! கடும் வலி என்று குறிக்கப்பட்டவர்களிடையேகூட இந்த ஏற்றத்தாழ்வு மறையவில்லை.

காசில்லாக் குறையா? அதுவும் இல்லை. 65 வயது நிறைந்தோர்க்கு அரசே காப்புறுதி தரும் மெடிகேர் சட்டம் 1965லேயே வந்துவிட்டது. சட்டம் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தது. உள்ளே போனவரின் வலியைக் கவனிப்பதிலே வயது குறுக்கே நின்றது!

மருத்துவர்கள் கல்நெஞ்சரா? அப்படிச் சொல்வது அநீதி. அவர்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஐபுப்ரோஃபென் போன்றவை முதியவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். வயிற்றிலே இரத்தம் கசியச் செய்யலாம். மார்ஃபின் மயக்கும், மூச்சைத் தணிக்கும், தடுமாறி விழவைக்கும். மறதி நோய் கண்டவரோ வலியை வாய்விட்டுச் சொல்லவும் இயலாதவர்.

ஆனால் அச்சம் சொல்லும் புத்தி என்ன? அளவைக் குறை என்பது. அடியோடு மறு என்பதல்ல! இடுப்பெலும்பு முறிந்தவர்களை ஆராய்ந்து 2003இல் வந்த முடிவைக் கேளுங்கள்: மார்ஃபின் வகை மருந்து மிகக் குறைவாகப் பெற்றவர்களுக்கே புத்தித் தடுமாற்றம் அதிகம் கண்டது. மருந்தால் புத்தி தடுமாறும் என்று அஞ்சினார்கள். தீராத வலியே தடுமாறச் செய்தது!

வழி இல்லையா? இருக்கிறது. பாராசிட்டமால் உண்டு. மார்ஃபினைச் சிறு அளவில் தொடங்கி, மீண்டும் வந்து கேட்டு, வேண்டுமானால் கூட்டலாம். இடுப்பு முறிவுக்கு, வலி ஏற்றும் நரம்பை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி உண்டு. பேச இயலாதவரின் முகச்சுளிப்பையும் முனகலையும் மூச்சையும் பார்த்து வலியை மதிப்பிடும் முறையும் உண்டு.

உழைத்துத் தேய்ந்த உடல் கேட்பது சலுகையல்ல, உரிமை. மருந்தின் அளவை வயது தீர்மானிக்கட்டும். மருந்து உண்டா இல்லையா என்பதை வலியே தீர்மானிக்கட்டும்!