கடலைத் தோல் யாருடையது?

'வேளாண் கழிவிலிருந்து தூய எரிபொருள்' என்னும் முழக்கம் இன்று உலகெங்கும் ஒலிக்கிறது. ஆப்பிரிக்கச் சிற்றூர்கள் முதல் நம் ஆந்திர எல்லை வரை ஒரே இயந்திரம், ஒரே வாக்குறுதிகள். உமியையும் கடலைத் தோலையும் அழுத்திக் கட்டியாக்கினால் ஏழைப் பெண்ணின் அடுப்பில் புகை ஒழியும், விவசாயிக்குக் கூடுதல் வருவாய் கிட்டும், காடு பிழைக்கும் என்கிறார்கள். இயந்திரத்தின் மீது நமக்குப் பகையில்லை. ஆனால் இந்த மூன்று நன்மைகளும் உண்மையில் யார் வீட்டு வாசலில் போய் இறங்குகின்றன என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. அந்தக் கேள்வியைச் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மண்ணில் நின்று கேட்போம். 1911-இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த மண் அது. தமிழும் தெலுங்கும் இன்றும் ஒரே சந்தையில் விலை பேசும் இடம். அங்கே நடப்பதே வேலூரிலும் திருவண்ணாமலையிலும் நடக்கிறது.

கழிவு என்னும் சொல்

அரசு அறிக்கைகளைத் தமிழாக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், என் பேனா மீண்டும் மீண்டும் இடறும் சொல் ஒன்று உண்டு. அது 'கழிவு'. உமி, தவிடு, பதர், வைக்கோல், கரும்புச் சோகை, சக்கை, கடலைக் கொடி, கடலைத் தோல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறது தமிழ். தெலுங்கும் அவ்வாறே. பயன்படும் பொருளுக்குத்தான் மக்கள் பெயர் வைப்பார்கள். கடலைக் கொடி மாட்டுக்குத் தீவனம். வைக்கோல் தீவனமும் கூரையும் ஆகும். உமி அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போகும். சித்தூர் வட்டாரத்து வெல்லக் கொட்டகையில் சாறு பிழிந்த சக்கையை உலர்த்தி, அதே சாற்றைக் காய்ச்சும் அடுப்பில் எரிக்கிறார்கள். இவற்றுள் எது கழிவு?

'கழிவு' என்ற சொல் பொருளுக்கு உரியவர் எவருமில்லை என்று அறிவிக்கிறது. உரியவர் இல்லாத பொருளை எடுப்பவர் திருடர் ஆகமாட்டார். 'தூய்மைப் பணி' செய்தவர் ஆவார். உடைமை மாற்றம் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது.

இதில் அரசின் இரட்டைக் கணக்கையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம், உற்பத்திச் செலவைக் கணக்கிடும்போது முதன்மை விளைபொருளுக்கும் துணை விளைபொருளுக்கும் அவற்றின் மதிப்புக்கேற்பச் செலவைப் பங்கிடுகிறது. அதாவது கொடிக்கும் வைக்கோலுக்கும் மதிப்பு உண்டென்று கொண்டு, அந்த அளவுக்கு விளைபொருளின் செலவைக் குறைத்துக் காட்டுகிறது. விவசாயிக்கு விலை கொடுக்கும் நேரத்தில் அது மதிப்புள்ள துணைப்பொருள். ஆலைக்கு எடுத்துச் செல்லும் நேரத்தில் மட்டும் கழிவு!

உடைக்கும் ஆலையின் வாசலில்

இராயலசீமையின் மானாவாரிச் செம்மண்ணில் வேர்க்கடலையே ஏழை விவசாயியின் பணப்பயிர். திருப்பதி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையம் 'நாராயணி', 'தரணி' முதலிய இரகங்களைத் தந்தது இந்த நிலத்துக்காகத்தான். கடலைக் காயின் எடையில் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காடு தோல். ஒரு டன் காய் உடைத்தால் 250 முதல் 300 கிலோ தோல் கிடைக்கும். நன்கு உலர்ந்த தோலின் வெப்பத்திறன் கிலோவுக்கு ஏறத்தாழ 4,000 கிலோகலோரி. நம் நாட்டு அனல்மின் நிலையங்கள் எரிக்கும் நிலக்கரியின் வெப்பமும் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கிறது. ஆகவே நான்கு மூட்டைக் கடலையில் ஒரு மூட்டை நிலக்கரி ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அந்த ஒரு மூட்டைக்கு யார் விலை பெறுகிறார்? வணிகர் ஒரு பிடி காயை உடைத்து, பருப்பை எடைபோட்டு, அதற்கேற்பக் காய்க்கு விலை சொல்கிறார். தோல் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. காய் ஆலைக்குள் நுழைந்து உடைபட்டதும் தோல் ஆலை முதலாளியின் உடைமை. அங்கிருந்து அது எரிகட்டித் தொழிற்சாலைக்கு எடை போட்டு விற்கப்படுகிறது. விதைத்தவர், மழைக்குக் காத்தவர், குனிந்து களை பறித்த கூலிப் பெண் ஆகிய எவரும் அந்த விற்பனையில் இல்லை.

'தோலின் மதிப்பு காயின் விலையிலேயே அடங்கிவிடுகிறதே. வணிகர்கள் போட்டி போட்டால் அது விவசாயிக்கு வந்து சேருமே' என்று சந்தைப் பொருளாதாரம் படித்தவர்கள் வாதிடலாம். விதைக்கும் முன்பே வணிகரிடம் முன்பணம் வாங்கியவர், அறுவடை முடிந்த வாரமே கடனடைக்க விற்றாக வேண்டியவர், எந்தப் போட்டியின் பயனைப் பெறுவார்? கட்டிக்கு விலை ஏறினால் காய்க்கு விலை ஏறுவதில்லை. கடன் கட்டிய கை பேரம் பேசாது.

கட்டி எங்கே போகிறது?

இயந்திரத்தின் இயல்பையும் அறிய வேண்டும். தோலைப் பொடித்து, ஈரப்பதத்தைப் பத்து விழுக்காட்டு அளவுக்குக் குறைத்து, பேரழுத்தத்தில் உந்துதண்டால் இடித்தால், உராய்வின் வெப்பத்தில் தாவரத்திலுள்ள லிக்னின் இளகித் தானே பசையாகிறது. வேறு பசை வேண்டியதில்லை. உதிரியாகச் சுமக்க முடியாத இலேசான தோல், கட்டியானதும் பன்மடங்கு அடர்த்தி பெற்று லாரி ஏறுகிறது. இதைச் சந்தையில் பிரிக்கெட் என்றும் 'வெள்ளை நிலக்கரி' என்றும் அழைக்கிறார்கள்.

ஆனால் 60 அல்லது 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தக் கட்டை எந்தத் தாயின் அடுப்புக்காகவும் வார்க்கப்படவில்லை. அது கொதிகலனுக்கானது. சாயப்பட்டறைக்கும், மாங்கூழ் ஆலைக்கும், செங்கல் சூளைக்கும் போவது அது. 2025 கோடையில் சித்தூரில் தோதாபுரி மாம்பழத்தின் விலை சரிந்தபோது, கிலோவுக்கு 12 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. அதில் 8 ரூபாய் ஆலைகள் தரவேண்டும், 4 ரூபாய் அரசு தரும் என்றது. அந்த எட்டு ரூபாய்க்காக விவசாயிகள் போராட வேண்டியிருந்தது. பழத்துக்கே விலை தராத அமைப்பு, தோலுக்குத் தானே முன்வந்து தருமா?

அடுத்து வருவது அனல்மின் நிலையம். 2021 அக்டோபர் 8-இல் ஒன்றிய மின் அமைச்சகம் வெளியிட்ட கொள்கை, நிலக்கரியோடு தாவர எரிபொருளைக் கலந்து எரிப்பதைக் கட்டாயமாக்கியது. 2023-இல் திருத்தப்பட்டபடி 2024-25 முதல் 5 விழுக்காடு, 2025-26 முதல் 7 விழுக்காடு. இதன் பசி எவ்வளவு? நாளொன்றுக்கு 10,000 டன் நிலக்கரி எரிக்கும் நிலையம் ஒன்றைக் கற்பனை செய்வோம். அதில் 5 விழுக்காடு 500 டன். அவ்வளவும் கடலைத் தோலாக வேண்டுமென்றால், ஒவ்வொரு நாளும் 2,000 டன் காய் உடைபட வேண்டும். இத்தகைய வாங்குபவன் சந்தைக்குள் வந்தால், ஏழைக் குடும்பம் இதுவரை சும்மாவோ சில ரூபாய்க்கோ அள்ளி வந்த உமியும் தோலும் அதன் கைக்கு எட்டுமா?

இதற்கு வரலாறே விடை தந்திருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வோடு, பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனம் 2006 வாக்கில் 'ஊர்ஜா' அடுப்பைத் தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களில் விற்றது. சிறு விசிறி பொருத்திய, புகை குறைந்த நல்ல அடுப்பு. எரிபொருள், வேளாண் எச்சங்களை அழுத்திய சிறு உருளைகள். சுமார் 4 இலட்சம் அடுப்புகள் விற்றன. மூலப்பொருளின் விலை ஏற, உருளையின் விலையும் ஏறியது. 2009-இல் பன்னாட்டு நிறுவனம் விலகிக்கொண்டது. தொழிலை ஏற்ற நிறுவனமும் வீட்டு அடுப்பை விட்டு உணவகங்களையும் தொழிற்கூடங்களையும் நாடியது. அடுப்பு கெட்டதால் திட்டம் சாகவில்லை. கூடுதல் விலை தரும் இடத்துக்கு எரிபொருள் ஓடியது. மூலதனம் அதன் பின்னால் ஓடியது. வாங்கிய பெண்களிடம் அடுப்பு மட்டும் எஞ்சியது.

புகையும் உரிமையும்

'தூய' என்ற அடைமொழியிலும் பாதிப் பொய் இருக்கிறது. அழுத்துவதால் மட்டும் எதுவும் தூய்மையாகிவிடாது. சாதாரண மண்ணடுப்பில் எரிகட்டியும் புகையும். வீட்டுப் புகையால் ஆண்டுக்கு 32 இலட்சம் பேர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் கிராமப்புறங்களில் தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள் 43 விழுக்காடு மட்டுமே. 2016-இல் தொடங்கிய உஜ்வலா இணைப்பு கொடுத்தது. மறுநிரப்பலின் முழு விலையையும் கொடுக்கவில்லை. ஆந்திர அரசின் தீபம் திட்டம் ஆண்டுக்கு மூன்று உருளைகளை இலவசமாகத் தருகிறது. மற்ற மாதங்களில் அந்தப் பெண் எதில் சமைப்பாள்? ஏழைக்குக் கட்டி, வசதி படைத்தவருக்கு எரிவாயு என்ற பாகுபாட்டை 'பசுமை' என்ற பெயரில் நாம் ஏற்க முடியாது. எரிவாயுவை வாங்கும் விலையில் தருவது அரசின் கடமை. எரிகட்டி அதற்கு மாற்றாகாது.

1841-இல் ரைன் மாகாண சட்டமன்றம், காட்டில் உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்குவதைத் திருட்டாக்க முனைந்தது. 1842-இல் இருபத்து நான்கு வயது மார்க்ஸ் 'ரைனிஷ் ஸைட்டுங்' ஏட்டில் அதை எதிர்த்து எழுதினார். பொருளாதாரப் பிரச்சினைகளின்பால் தம்மை முதலில் திருப்பியவற்றுள் அதுவும் ஒன்று என்று 1859-இல் அவரே நினைவுகூர்ந்தார். 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில், உற்பத்தியின் எச்சங்களைத் திரும்பப் பயன்படுத்துவது பற்றித் தனிப் பகுதியே உண்டு. ஆகவே 'இது தொண்டு நிறுவனங்களின் விளையாட்டு' என்று நம் அணிகளிலேயே சிலர் இதை ஒதுக்கித் தள்ளுவது சரியன்று. விறகும் உமியும் வர்க்கப் பிரச்சினைகள்தாம்.

பாடமும் கோரிக்கையும்

பதப்படுத்தும் ஆலை யாருடையதோ, விளைச்சலின் உபரி அவருடையது. சித்தூர் இதை இருமுறை கற்றது. சித்தூர் கூட்டுறவுப் பால்பண்ணை 2002-இல் மூடப்பட்டது. பால் தனியாரின் வண்டிகளில் ஏறியது. சித்தூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் ரேணிகுண்டா அருகே வெங்கடேசுவரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் மூடப்பட்டன. கரும்பு விவசாயி தனியார் வாசலில் நிற்கிறார்.

இப்போது மூன்றாம் முறை. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்த தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தின் ஒதுக்கீடு 1,715 கோடி ரூபாய். எரிகட்டி ஆலைக்கு, மணிக்கு எத்தனை டன் உற்பத்தி செய்யும் என்பதைப் பொறுத்து மானியம். நிலமும் வங்கிக் கடனும் உள்ளவர் அதைப் பெறுவார். உழுபவர் குத்தகை விவசாயி எனில், ஆந்திராவின் 2019-ஆம் ஆண்டுச் சாகுபடியாளர் உரிமைச் சட்டப்படி அட்டை பெறவே நிலவுடைமையாளரின் ஒப்புதல் வேண்டும். அட்டையே இல்லாதவருக்கு ஆலை எங்கிருந்து வரும்?

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். கடலைக் கொள்முதலில் தோலின் மதிப்பைத் தனியே கணக்கிட்டு விவசாயிக்குத் தர வேண்டும். எரிகட்டி ஆலைக்கான மானியம் முதலில் விவசாயிகளின் கூட்டுறவுகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் உரியதாக வேண்டும். மூடிய கூட்டுறவு ஆலைகளின் நிலமும் கட்டடமும் அதற்குப் பயன்படட்டும். மாட்டின் தீவனத்துக்கும் மண்ணின் உரத்துக்கும் போக மிஞ்சியது மட்டுமே எரிபொருளாக வேண்டும். மட்கு இழந்த செம்மண்ணிலிருந்து எல்லாவற்றையும் அள்ளிச் சென்றால் அடுத்த தலைமுறைக்குப் பாறைதான் மிஞ்சும். குத்தகை விவசாயிக்கு நிலவுடைமையாளரின் கையெழுத்தின்றி அட்டை வழங்க வேண்டும். தூசியிலும் இரைச்சலிலும் பாடுபடும் எரிகட்டித் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலியும் முகக்கவசமும் மருத்துவப் பாதுகாப்பும் வேண்டும்.

இவை ஆந்திரத் தோழர்களின் கோரிக்கைகள் மட்டுமல்ல. கடலை உடைக்கும் ஆலை இயங்கும் நம் ஊர்க் கிளைகள் ஒவ்வொன்றும், அந்த ஆலையிலிருந்து தோல் எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது, விளைவித்தவருக்கு என்ன வந்தது என்று கேட்டு எழுதி வைக்கட்டும். அந்தக் கணக்கு நம் கையில் இருந்தால், விவசாயிகள் சங்கத்தின் அடுத்த மாநாட்டில் பேசுவதற்குப் பொருள் இருக்கும். கழிவு என்று சொல்லி அள்ளிச் செல்பவரை மறித்து நிற்கத் துணிவும் வரும்.