பசித்தவன் சுருண்டு படுப்பான் என்று யார் சொன்னது?



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு. "மதியம் சத்துணவு இருக்கே, காலையிலும் எதுக்குச் சாப்பாடு? நிஜமாவே பசிச்சா பிள்ளை சுருண்டு படுக்கும். இதுங்க வகுப்புல ஆட்டம்ல போடுதுங்க" என்று உறவினர் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே வம்பு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் எலிகளை வைத்து ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. அமெரிக்காவில் கர்ட் ரிக்டர் என்பவர் 1920களிலேயே கூண்டு எலியின் அசைவுகளைப் பதிவு செய்து பார்த்தார். வயிறு காலியாகும் வேளையில் எலி பரபரப்பாகிறது, தின்றதும் அடங்குகிறது. 1967இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் கொடுமை. நாளுக்கு ஒரு மணி நேரம்தான் தீனி, கூண்டுக்குள் ஓடுவதற்கு ஒரு சக்கரம். எலிகள் ஓடி ஓடியே மெலிந்து செத்தன. சக்கரம் இல்லாத எலிகள் அதே ஒரு மணி நேரத் தீனியில் சமாளித்துக்கொண்டன.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது 1953இல் கேம்பெல், ஷெஃபீல்டு இருவரும் செய்த சோதனை. வெளிச்சமும் சத்தமும் மாறாத அறையில் எலிகளைப் பட்டினி போட்டார்கள். அவற்றின் ஆட்டம் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் தினமும் சில நிமிடம் அந்தச் சூழலை மாற்றியபோது துள்ளின. பட்டினி நாள் ஏற ஏற, துள்ளலும் ஏறியது. அதாவது, பசி சும்மா ஓடவைக்கவில்லை. சின்னச் சலனத்துக்கும் திடுக்கிட வைத்தது.

எங்கள் வகுப்பறை எப்படிப்பட்டது? ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு, கூரையில் குருவி. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் காலை முழுக்க எல்லாச் சத்தத்துக்கும் தலையைத் திருப்புவான், எழுந்து ஓடுவான். மண்டியிட வைத்திருக்கிறேன். பிரம்பும் எடுத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே பையன் குனிந்த தலை நிமிராமல் எழுதுவான். அடிக்குப் பயந்துவிட்டான் என்று எனக்குள் பெருமை வேறு! காலையில் என்னடா சாப்பிட்டே என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. வருஷக் கடைசியில் அவன் அம்மா தற்செயலாகச் சொல்லித்தான் தெரியும், பாதி நாள் வெறும் நீராகாரம்.

எல்லாக் குறும்பும் பசியில்லை. மாதக்கணக்கில் பட்டினி கிடந்தால் மனிதன் சோர்ந்துதான் போவான், அதுவும் உண்மை. ஆனால் ஆடுகிற பிள்ளையைக் காட்டி "இதுக்கா பசி?" என்று கேட்காதீர்கள். 2022இல் நம் ஊரில் தொடங்கிய காலை உணவு, நான் வேலையில் இருந்தபோதே வந்திருந்தால் என் பிரம்புக்கு வேலை குறைந்திருக்கும்.

தம்பி, இப்போது உனக்கும் நாற்பது தாண்டியிருக்கும். இதைப் படித்தால் ஒரு நாள் வீட்டுக்கு வாப்பா. காலையிலேயே வா, டிபன் இங்கேதான்.