பின்சில்லைக் கழற்றிய அக்கா



சென்ற மாதம் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் அக்காவிடம் வாழ்வாதாரக் கடன் படிவம் நிரப்பப் போயிருந்தேன். அவர் முற்றத்தில் மோட்டார் சைக்கிளின் பின்சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தார். "படிவத்தைப் பிறகு எழுதுவம் தங்கச்சி, முதல் இதைப் பிடி" என்றார்.

2009இல் கணவரை இழந்தவர். விடிய மீன் எடுத்து ஊர் ஊராக விற்கிறார். வாகனம் நின்றால் அன்றைய உழைப்பும் நின்றுவிடும். முன்பு ஒருமுறை ரயர் மாற்றக் கொடுத்த இடத்தில் இரண்டு நாள் காக்க வைத்தார்களாம். "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்ற கேள்வி வேறு. அதற்குப் பிறகுதான் அயல்வீட்டு அண்ணாவிடம் கேட்டுப் பழகினார்.

பல்கலைக்கழகத்தில் பால்நிலை வேலைப்பிரிவினை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஸ்பனர் பிடித்தது அன்றுதான்.

முதலில் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தினோம். மணல் முற்றம் என்பதால் கீழே பலகை வைத்தோம். பிறேக் கம்பியின் நட்டையும், பிறேக் தட்டைப் பிடித்திருக்கும் இரும்புக் கையின் நட்டையும் கழற்றி, ஒரு சிரட்டையில் போட்டார். பிறகு அச்சின் பெரிய நட்டு. செயின் இறுக்கிகளைத் தளர்த்திச் சில்லை முன்னே தள்ள, செயின் பல்லுச்சக்கரத்தை விட்டு இறங்கியது. அச்சை உருவும்போது இடையில் இருக்கும் சிறு குழாய்த்துண்டு எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். மாறினால் சில்லு நேராக நிற்காது.

காற்றை முழுதாக இறக்கி, ரயரின் ஓரத்தை ஏறி மிதித்து ரிம்மிலிருந்து விடுவித்தோம். சவர்க்காரத் தண்ணீர் பூசினால் லீவர் இலகுவாக ஏறும். ஒரு பக்கத்தைக் கிளப்பும்போது எதிர்ப்பக்கத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமத்திப் பிடிக்கவேண்டும். இதுதான் சூட்சுமம், பலம் பிறகுதான். நான் அமத்தாமல் லீவரோடு மல்லுக்கட்டி விரலை நசுக்கிக்கொண்டேன்.

புதிய ரயர் வாங்கும்போது பழையதில் உள்ள அளவையே கேளுங்கள். 2.75-18 என்றால் அகலம் 2.75 அங்குலம், ரிம் 18 அங்குலம். பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 1223 என்றால் 2023ஆம் ஆண்டின் 12ஆவது வாரம் செய்தது. பழைய ரயரைப் புதிது என்று தலையில் கட்டாமல் இருக்க இது உதவும். 2022 நெருக்கடியில் உதிரிப்பாக விலைகள் ஏறியதை நாங்கள் அறிவோம்தானே.

அம்புக்குறி சில்லு முன்னோக்கி உருளும் திசையைக் காட்டவேண்டும். ரியூப்புக்குச் சற்றே காற்று அடித்து வைத்தால் லீவருக்குள் நெரிபடாது. வால்வுப் பக்கத்தைக் கடைசியாக ஏற்றுங்கள்.

பூட்டும்போது அக்கா பேசவில்லை. இரண்டு பக்க அடையாளக் கோடுகளும் சமனாக வரும்வரை செயினைச் சரிசெய்து, அச்சு நட்டை இறுக்கினார். பிறகு பிறேக் தட்டின் இரும்புக் கை. அதைப் பூட்ட மறந்தால் பிறேக் பிடிக்கும்போது தட்டே சுழன்றுவிடும். "பின்னால பிள்ளை இருந்து போறவள்" என்றார். சிரட்டை வெறுமையா என்று இருமுறை பார்த்தார்.

ஒழுங்கைக்குள் மெதுவாக ஓடி, பிறேக்கைப் பலமுறை மிதித்துப் பார்த்துத்தான் திரும்பினார். மறுநாள் சந்தையால் வந்து நட்டுகளை மறுபடியும் இறுக்கிப் பார்த்ததாகத் தொலைபேசியில் சொன்னார். படிவம் இன்னும் நிரப்பவில்லை. வருகிற செவ்வாய் போகவேண்டும்.