எல்லாச் சிறுவர் கதையும் பாடத்தான் வேண்டுமா?

பழைய சிறுவர் நாவல் ஒன்று மறுபடி படமாகிறது என்று செய்தி வந்தால், இப்போது நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, “மியூசிக்கலா?” என்பதுதான். 2022இல் ‘மட்டில்டா’ பாட்டுப் படமாக வந்தது. 2023இல் ‘வொங்கா’. சிறுவர் கதை என்றால் பாட்டு இருந்தே ஆகவேண்டும் என்று ஒரு விதி எழுதிவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

என் பதில்: கட்டாயம் இல்லை. ஆனால் “பாட்டு வந்தாலே அலுப்பு” என்று சொல்பவர்களோடும் நான் சேரமாட்டேன்.

தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. எங்கள் படங்களில் பல பாட்டுகளை ஓட்டிவிட்டுப் பார்த்தாலும் கதை புரியும். நல்ல மியூசிக்கலில் அது நடக்காது. அங்கே பாட்டு தொடங்கும்போது ஒரு மனநிலையில் இருக்கும் பாத்திரம், பாட்டு முடியும்போது வேறொரு முடிவுக்கு வந்திருக்கும். பாட்டை ஓட்டினால் கதையில் ஒரு படி காணாமல் போய்விடும். ஆகவே “எத்தனை பாட்டு?” என்று எண்ணிப் பயனில்லை. “பாட்டு என்ன வேலை செய்கிறது?” என்றுதான் கேட்கவேண்டும்.

நான் ஐடி ஆலோசகர். வாடிக்கையாளர் வந்தவுடனே, “எங்களுக்கு ஒரு ஆப் வேண்டும்” என்பார். “உங்கள் பிரச்சினை என்ன?” என்று நான் திருப்பிக் கேட்பேன். சில நேரம் ஆப்தான் சரியான தீர்வு. சில நேரம் ஒரு எக்செல் ஷீட்டே போதும். படத்துக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

ரோல்ட் டாலின் கதைகளைப் படமாக்குவதில் உள்ள பிரச்சினை, அவற்றின் சுவை சம்பவங்களில் மட்டும் இல்லை என்பதுதான். கதை சொல்பவரின் குறும்புக் குரலிலும், பிள்ளையின் மனதுக்குள் ஓடும் எண்ணங்களிலும்தான் பாதிச் சுவை இருக்கிறது. கமராவுக்கு அது தெரியாது. இதற்கு மூன்று பேர் மூன்று வழி கண்டார்கள்.

1996இல் ‘மட்டில்டா’வை எடுத்த டானி டிவிட்டோ, தானே கதைசொல்லியாகப் பின்னணியில் பேசினார். பாத்திரங்கள் பாடவில்லை, படமும் நன்றாகவே இருந்தது. 2010இல் றோயல் ஷேக்ஸ்பியர் கொம்பனி மேடையேற்றிய ‘மட்டில்டா’வுக்கு டிம் மின்சின் பாட்டு எழுதினார். 2022 படம் அதிலிருந்து வந்ததுதான். அதில் மட்டில்டாவின் தலைக்குள் இருக்கும் இரைச்சல் பாட்டாகப் பொங்கி, ஒரு கட்டத்தில் சட்டென்று அமைதியாகிவிடும். பக்கம் பக்கமாக வசனம் பேசினாலும் அந்த அமைதியைக் காட்டமுடியாது. 2023இல் வெஸ் அண்டர்சன் டாலின் ‘ஹென்றி சுகர்’ கதையை எடுத்தபோது, நடிகர்கள் டாலின் வரிகளையே கமராவைப் பார்த்து ஒப்பித்தார்கள். 39 நிமிடப் படம், ஒஸ்காரும் வாங்கியது.

மூன்றும் ஒரே எழுத்தாளரின் கதைகள், மூன்றும் நல்ல படங்கள். ஒன்று மட்டும்தான் மியூசிக்கல்.

இன்னொரு சான்று போல் கிங். 2014இலும் 2017இலும் வந்த இரண்டு ‘பாடிங்டன்’ படங்களை எடுத்தவரும் இவர்தான், ‘வொங்கா’வை எடுத்தவரும் இவர்தான். பாட்டுப் படம் எடுக்கத் தெரிந்த மனிதர், ‘பாடிங்டன்’ கதையை மியூசிக்கலாக எடுக்கவில்லை. லண்டன் தெருவில் ஒரு கலிப்சோ குழு அவ்வப்போது வாசிக்கும். கரீபியனிலிருந்து லண்டனுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்த இசை அது. பெருவிலிருந்து கழுத்தில் ஒரு சீட்டோடு வந்து இறங்கும் கரடிக்கு அதைவிடப் பொருத்தமான இசை எது? அந்தக் கரடி பெரிய குரலில் பாடியிருந்தால், புது ஊரில் கூச்சத்தோடு தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லும் அந்தப் பணிவு போயிருக்கும். எங்கள் அம்மா அப்பாக்கள் வந்திறங்கிய கதை தெரிந்தவர்களுக்கு அந்தப் பணிவு நன்றாகப் புரியும்.

மௌனமே உயிராக இருக்கும் புத்தகங்களும் உண்டு. ‘தி சீக்ரட் கார்டன்’ 1911இல் வந்த நாவல். இந்தியாவில் தாய் தகப்பனை இழந்த மேரி, இங்கிலாந்தில் ஒரு பெரிய வெறுமையான வீட்டில் வந்து சேர்கிறாள். இரவில் எங்கோ ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்கிறது. வீடு அமைதியாக இருந்தால்தான் அந்த அழுகை எங்களை உலுக்கும்.

“பிள்ளைகளுக்குப் பாட்டுப் பிடிக்குமே” என்பீர்கள். உண்மைதான். 1939இன் ‘தி விசார்ட் ஒஃப் ஓஸ்’ இன்றுவரை நிற்பதற்குப் பாட்டும் ஒரு காரணம். ‘சார்லி அண்ட் த சொக்லேட் ஃபக்டரி’ புத்தகத்திலேயே ஊம்பா லூம்பாக்கள் பாடுகிறார்கள். அங்கே பாட்டைக் கேட்பது புத்தகமே. ஆனால் பிள்ளைகளுக்குப் பயமும் பிடிக்கும், அமைதியும் பிடிக்கும். பாட்டு இல்லாவிட்டால் எழுந்து ஓடிவிடுவார்கள் என்று நினைப்பது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவது.

பெரியவர்களைப் பற்றித்தான் ஸ்டூடியோக்களுக்குப் பயம் போலிருக்கிறது. ‘வொங்கா’வின் முதல் ட்ரெயிலரைப் பார்த்த பலருக்கு அது மியூசிக்கல் என்றே தெரியவில்லை. பாட்டு கதைக்குத் தேவை என்று நம்பி எடுத்தவர்கள், அதை ட்ரெயிலரில் ஏன் மறைக்கவேண்டும்?

அடுத்த படம் வருவதற்கு முன் அந்தப் புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தைத் தம்பிக்கோ தங்கைக்கோ சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் குரல் தானாக உயர்கிறது, எந்த இடத்தில் தாழ்கிறது என்று கவனியுங்கள். இயக்குநரும் அதைக் கவனித்திருந்தால், பாடினாலும் பாடாவிட்டாலும் அது நல்ல படமாகத்தான் இருக்கும்.